ஒரு குடம் மழைத் தண்ணீர்

பருப்பைக் குக்கரில் போடவில்லை. பழைய வாயகன்ற பாத்திரத்தில், மூடியைச் சரித்து வைத்து, ஒரு சிட்டிகை மஞ்சள்தூளும் ஒரு சொட்டு விளக்கெண்ணெயும் விட்டு, நீ வைக்கிற மாதிரியே அடுப்பில் வைத்திருக்கிறேன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் அடுப்படி, கூடம், இவர் பேப்பர் படிக்கிற பால்கனி வரைக்கும் அந்த வாசனை போய்விட்டது. மழைத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகிற வாசனை. அதை முகர்ந்ததும் எனக்குப் பசி வரவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இந்த நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உனக்கு எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். உயிரோடு இருந்தபோதே நீ எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். பாட்டுப் புத்தகத்தில் வேறு ஏதோ பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடுவாய். ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. ஆவடி குவார்ட்டர்ஸில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு இடுப்புயரச் சுவர். பதினாறு வருஷம் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று உன்னிடம் சொல்ல முடியாததை, நீ போய் ஒன்றேகால் வருஷம் கழித்து எழுதுகிறேன் பார். என் லட்சணம் இவ்வளவுதான்.

நாங்கள் அங்கே குடி வந்தபோது நீ ஏற்கெனவே இருந்தாய். என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு, உன் வீட்டுக்காரர் அங்கேயே கேன்டீன். நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், நாலு தலைமுறைக் கிறிஸ்தவர்கள். நீ வெள்ளானூர்க்காரி, விவசாயக் குடும்பம், கல்யாணமாகி வந்த பிறகுதான் வேதக்கோயில் வாசல் மிதித்தவள். இந்த வித்தியாசத்தை நீ ஒரு நாளும் யோசித்ததாகத் தெரியவில்லை. நான் ஒரு நாளும் மறந்ததில்லை. நான் பள்ளிக்கூட டீச்சர் என்பதால் உனக்கு நான் "டீச்சர், நீங்க". எனக்கு நீ வெறும் "நீ, வா, போ". அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, நீ உட்பட.

முதல் மழைக்காலத்திலேயே உன் வேட்டி வித்தையைப் பார்த்தேன். கொல்லையில் நாலு கழி நட்டு, வெள்ளை வேட்டியின் நாலு முனையையும் கட்டி, நடுவில் கழுவின கூழாங்கல் ஒன்றைப் போட்டு, அடியில் குடத்தை வைத்திருந்தாய். வேட்டியில் விழுகிற மழையெல்லாம் கல் இருக்கிற இடத்துக்கு வந்து, நூல் பிடித்த மாதிரி குடத்துக்குள் இறங்கியது. அடுத்த வருஷம் முதல் மழை விழுந்ததுமே நான் சுவரோரம் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். நீ கையைக் காட்டித் தடுத்தாய்.

"இருங்க டீச்சர், இன்னாத்துக்கு அவசரம்? மொத மழ கூரைய கழுவறதுக்கு. ரெண்டாவது மழதான் நமக்கு."

அங்கே கைப்பம்பில் வருகிற தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அதில் வேகவைத்தால் பருப்பு ஒரு மணி நேரம் கழித்தும் கல்லு கல்லாகக் கிடக்கும். நீ ஒரு சொம்பு மழைத் தண்ணீரைச் சுவர் மேல் வைத்துவிட்டு, "இதுல வெச்சிப் பாருங்க, பூ மாதிரி வேகும்" என்றாய். வெந்தது. அன்றைக்குச் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "பருப்பு வெந்துச்சா டீச்சர்?" என்று குரல் கொடுத்தாய். "வெந்துச்சு வெந்துச்சு" என்றேன். அதற்குப் பிறகு மழை பெய்தால் முதல் சொம்பு என் வீட்டுக்கு என்று ஆகிவிட்டது.

உனக்கு எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் ஒவ்வொருத்தியும் பெரிய பெரிய சாட்சி சொல்வாள். ஒருத்தியின் மகனுக்கு வெளிநாட்டில் வேலை, ஒருத்திக்கு ஆபரேஷன் இல்லாமலே கட்டி கரைந்தது. உன் முறை வரும். நீ முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஆரம்பிப்பாய். "ஏசப்பா, இன்னிக்கி காத்து நல்லா வந்துச்சிப்பா, ரொம்ப தாங்க்ஸ். முருங்கமரம் பூ வெச்சிகீது, அதுக்கும் தாங்க்ஸ். நேத்து வெயிலு சுள்ளுனு அட்ச்சிச்சி, வடகமெல்லாம் ஒரே நாள்ல காஞ்சிட்ச்சி, அதுக்கு டபுள் தாங்க்ஸ்." பின்வரிசையில் சிரிப்புக் கேட்கும். நான் அந்தப் பெண்கள் சங்கத்துக்குச் செயலாளர். சிரித்தவர்களை ஒரு முறை முறைத்திருக்கலாம். நான் கண்ணை மூடி ஜெபத்தில் இருப்பதுபோல் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு வருஷம் தவக்காலத்தில் நான் நாலு வாரம் வேதபாடம் எடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? சார்ட் பேப்பரில் நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் 'உலக ஆசீர்வாதங்கள்', வலது பக்கம் 'ஆவிக்குரிய கிருபை' என்று எழுதியிருந்தேன். மழை, வெயில், காற்று, சாப்பாடு எல்லாம் இடது பக்கம். மன்னிப்பு, இரட்சிப்பு, சமாதானம் வலது பக்கம். ஸ்கேலால் தட்டித் தட்டி விளக்கினேன். மழை நல்லவனுக்கும் பெய்கிறது, கெட்டவனுக்கும் பெய்கிறது, ஆகவே அதைப் போய்க் கிருபை என்று குழப்பிக்கொள்ளக் கூடாது என்றேன். உன்னை மனதில் வைத்துத்தான் சொன்னேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நீ கையைத் தூக்கினாய்.

"டீச்சர், ஒரு டவுட்டு. கெட்டவனுக்கும் பெய்யுதுன்னீங்களே, அவன் அதுக்கு இன்னா பண்ணான்?"

"ஒன்றும் பண்ணவில்லை. அதைத்தானே சொல்கிறேன்."

"ஒண்ணும் பண்ணாதவனுக்கு சும்மா குட்த்தா, அதுக்குப் பேரு வேற இன்னா டீச்சர்?"

எல்லாரும் சிரித்தார்கள். இந்த முறை உன்னைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னைப் பார்த்துச் சிரித்தார்களா என்று எனக்குச் சந்தேகம். "நேரமாகிவிட்டது, ஜெபிப்போம்" என்று சொல்லி முடித்துவிட்டேன். பதில் தெரியாத கேள்வி வந்தால் பெல் அடிப்பதற்குக் காத்திருக்கிற டீச்சர்களை நான் ஸ்டாஃப் ரூமில் கேலி செய்திருக்கிறேன். அன்றைக்கு நானே மணியும் அடித்துக்கொண்டேன். உன்மேல் எனக்கு உள்ளுக்குள் ஒரு கறுவல் விழுந்தது அப்போதுதான். இதை இன்றுதான் எனக்கே ஒப்புக்கொள்கிறேன்.

அதற்கு முந்தின வருஷம் மழை பொய்த்து, குவார்ட்டர்ஸுக்கு லாரித் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குடத்தோடு குடம் மோதி, நல்ல குடும்பத்துப் பெண்களெல்லாம் வாயில் வராத வார்த்தை பேசினோம். நானும்தான். தவக்காலப் பாடம் எடுத்த வருஷம் புரட்டாசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசியில் நம் கோயிலில் அறுப்பின் பண்டிகை. அவரவர் விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து பலிபீடப் படியில் வைத்து நன்றி சொல்கிற நாள். வயல் இல்லாதவர்கள் கொல்லையில் காய்த்த பூசணி, வாழைத்தார், சேவல், எதுவானாலும் கொண்டு வருவார்கள். ஆராதனை முடிந்து ஏலம் விட்டு, பிறகு சாப்பாடு. காணிக்கைகளை அழகாக அடுக்குகிற பொறுப்பு எப்போதும் என்னுடையது.

அந்த வருஷம் என் காணிக்கை என்ன தெரியுமா? ஆப்பிள். ஒரு தட்டு நிறைய, கோபுரமாக அடுக்கின ஆப்பிள். மார்க்கெட்டில் வாங்கி வந்து, ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். ஆவடியில் எந்தக் கொல்லையில் ஆப்பிள் காய்க்கிறது? கேட்பாரில்லை. தட்டுக்குச் சரிகைத் துண்டு வேறு போட்டிருந்தேன்.

நீ வந்தாய். இடுப்பில் உன் எவர்சில்வர் குடம், கல்யாணத்தில் கொடுத்தது, கழுத்தில் உன் பேர் வெட்டியிருக்கும். வாயை வாழையிலையால் மூடி, கழுத்தைச் சுற்றி ஒரு முழம் மல்லிகை. தளும்பாமல் இறக்கி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாய்.

"என்னது இது?"

"மழத்தண்ணி டீச்சர். எங்க நெலமெல்லாம் பிளாட்டாயிட்ச்சி, நெல்லு கொண்டாரதுக்கு இல்ல. போன வருஷம் லாரிக்கு அட்ச்சிக்கினோமே, இந்த வருஷம் மானத்துலேர்ந்து எறங்குனுச்சில்ல, நம்ம அறுப்பு இதான்னு தோணுச்சி. ரெண்டாவது மழ டீச்சர், சுத்தமா கீது."

உன் முகத்தில் இருந்த அந்தச் சந்தோஷத்தை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. "சரி வை, நான் பார்த்துக்கிடுதேன்" என்று சொல்லி உன்னை உள்ளே போய் உட்காரச் சொன்னேன். நீ என்னை நம்பி உள்ளே போனாய்.

எனக்கு அந்தக் குடத்தைப் பார்க்கப் பார்க்க ஆகவில்லை. பூச்சுற்றி, இலை போட்டு, அசல் கலசம் மாதிரியே இருந்தது. போதகர் பார்த்தால் என்ன நினைப்பார், பழைய பழக்கத்தைக் கோயிலுக்குள் கொண்டு வந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டாரா என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய். கலசம், கிலசம் எல்லாம் சும்மா. என் ஆப்பிள் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தால் என் தட்டு என்ன என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். போதாக்குறைக்குத் தவக்காலத்துக் கறுவல் வேறு. மல்லிகையை உருவிக் கீழே போட்டேன். குடத்தைச் சாப்பாட்டுப் பந்தலுக்கு வெளியே, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டு வைத்தேன். சாப்பாட்டு வேலை பார்த்தவர் கை கழுவத் தண்ணீர் கேட்டபோது, "அந்தா அந்தக் குடத்துல இருக்கு, எடுத்துக்கிடுங்க" என்றேன். என் வாயால் சொன்னேன்.

ஆராதனை நடக்கிறபோது நீ முன்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பூசணிக்குப் பின்னால் மறைந்திருக்கும் என்று நினைத்திருப்பாய். வெளியே வந்து பார்த்தாய். வரிசையாக நின்று மக்கள் உன் மழையில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் சேற்றுக் காலை நீட்டி அதன் மேல் ஊற்றிக்கொண்டார். நான் நாலடி தூரத்தில் நின்றேன். நீ குடத்தைப் பார்த்தாய், கீழே மிதிபட்டுக் கிடந்த மல்லிகையைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். உனக்குப் புரிந்துவிட்டது.

"கை கழுவத்தான ஆச்சி, பரவால்ல டீச்சர்," என்றாய்.

அத்தோடு கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தாயானால் எனக்கு எவ்வளவோ நல்லதாயிருக்கும். நீ போகவில்லை. காலிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பந்தியில் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாய். வழக்கம்போல உன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தாய். நான் அதைத் தின்றேன். எப்படித் தின்றேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமும் மழை பெய்தது. சுவர் மேல் சொம்பு வந்தது. ஒன்றுமே நடக்காததுபோல அதே இடத்தில், அதே தட்டால் மூடி. நான் அதில் பருப்பு வைக்கவில்லை. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டேன். சாயங்காலம், "பருப்பு வெந்துச்சா டீச்சர்?" என்றாய். "வெந்துச்சு" என்றேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்தவரைக்கும் இதே கதைதான். நீ தண்ணீர் கொடுப்பாய், நான் செடிக்கு ஊற்றுவேன், நீ கேட்பாய், நான் வெந்துச்சு என்பேன். கறிவேப்பிலை மட்டும் கூரை உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. அதைப் பார்த்து, "இன்னா டீச்சர், உங்க ஊட்ல மட்டும் இப்டி தழைக்குது! ஏசப்பாக்கு தாங்க்ஸ் சொல்லுங்க" என்றாயே ஒரு நாள். நான் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சொல்லி உள்ளே ஓடினேன்.

ஆனால் ஒன்று. அன்றைக்குப் பிறகு நீ ஜெபக் கூட்டத்தில் வாயைத் திறக்கவில்லை. உன் முறை வந்தால் சிரித்துக்கொண்டே பக்கத்துப் பெண்ணின் முழங்காலைத் தட்டி, "நீ சொல்லும்மா" என்பாய். காற்றுக்கும் வெயிலுக்கும் யாரும் நன்றி சொல்லாத கூட்டம் ஒழுங்காக, சுத்தமான தமிழில் நடந்தது. நானும் சாட்சிகளைக் குறித்துக்கொண்டேன்.

வேலை முடிந்து நாங்கள் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இந்த ஃபிளாட்டுக்கு வந்தோம். நீங்கள் வெள்ளானூரிலேயே பாகத்தில் மிஞ்சின மனையில் வீடு கட்டிக்கொண்டீர்கள். இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம். நான் வந்தது நாலு தடவை இருக்கும். நாலிலும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். காபியைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். ஐந்தாவது தடவை நான் வந்தபோது நீ கூடத்தில் பெட்டிக்குள் படுத்திருந்தாய்.

அடக்க ஆராதனைக்கு அச்சடித்த தாளில் உன் பிறந்த தேதி போட்டிருந்தது. நீ எனக்கு மூன்று மாதம் மூத்தவள். இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. மூத்தவளைத்தான் நீ, வா, போ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன்னைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். இரண்டு வார்த்தையா பேசினேன்? எழுதிவைத்துக்கொண்டு பத்து நிமிஷம் பேசினேன். எளிமையான சகோதரி என்றேன். மழையிலும் காற்றிலும் தேவகிருபையைக் கண்டவள் என்றேன். பெண்கள் விம்மினார்கள், எனக்கும் குரல் தழுதழுத்தது, அது எனக்குக் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. சே, இதை எழுத வேண்டியிருக்கிறதே.

பேசி முடித்து நகர்ந்தபோது உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். எங்கம்மா ஒருவாட்டி கோயிலுக்கு மழத்தண்ணி எட்த்துகினு போச்சாமே. அத்த யாரோ கை கழுவ வெச்சிட்டாங்களாமே. அப்பா சொல்லித்தான் எனக்கே தெரியும். யாரு, யாருன்னு எத்தினியோ வாட்டி கேட்டேன், கடைசி வரைக்கும் சொல்லவே மாட்டேன்ட்டுச்சி. நீங்கதான அப்போ எல்லாம் பாத்துக்கினீங்க, உங்களுக்குத் தெரியுமா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தெரியலையேம்மா" என்றேன். உன் பெட்டி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. நீ என்னைக் காட்டிக் கொடுக்காமல் கொண்டுபோன ஒரு விஷயத்தை, நான் உன் தலைமாட்டில் நின்று இல்லை என்றேன்.

அதற்குப் பிறகு வந்த ஒரு வருஷத்தைச் சொல்ல வேண்டும். காலையில் ஏரிக்காற்று வந்து திரைச்சீலையைத் தூக்கும். நான் ஜன்னலைச் சாத்திவிடுவேன். எதிர் வீட்டு முருங்கை பூத்தால் கண்ணைத் திருப்பிக்கொள்வேன். உனக்கு ஒவ்வொன்றும் அவர் அனுப்பின அன்பாகத் தெரிந்தது. எனக்கு ஒவ்வொன்றும், "யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டது. ஜெபம் பண்ண உட்கார்ந்தால், என் சார்ட் பேப்பரின் வலது பக்கத்தில் எழுதின வார்த்தைகள் ஒன்றுகூட என்னிடம் வரவில்லை. மன்னிப்பு என்று கொட்டை எழுத்தில் எழுதினவள் நான். அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

போன வாரம் மழை பிடித்தது. முதல் மழையை விட்டுவிட்டேன். இரண்டாவது மழைக்கு இவருடைய வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். இவர் பின்னாலேயே வந்தார்.

"இங்க வந்ததுல இருந்து கொழாத் தண்ணில வெந்த பருப்பத்தான தின்னுக்கிட்டு இருக்கேன். இப்ப என்னட்டி புதுசா?"

"கழியைப் பிடிங்க முதல்ல."

பிடித்தார். கீழ் வீட்டு அசோசியேஷன் ஆள் மேலே வந்து, "மேடம், டெரஸ்ல துணி கட்டக் கூடாதுன்னு போர்டு வெச்சிகீறோமே" என்றார். துணி இல்லை, தண்ணீர் பிடிக்கிறோம் என்றேன். "கார்ப்பரேஷன் தண்ணி வருதே மேடம்?" என்று தலையைச் சொறிந்துகொண்டு இறங்கிப் போனார். நடுவில் கல்லைக் கழுவிப் போட்டேன். மழை அது பாட்டுக்கு நூல் பிடித்த மாதிரி இறங்கியது.

நேற்று அறுப்பின் பண்டிகை. குடத்துக்குப் பூச்சுற்றவில்லை, எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று தோன்றியது. ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு நம் பழைய கோயிலுக்கே போனேன். இப்போது செயலாளர் ஒரு சின்னப் பெண், அம்பத்தூரில் வேலை பார்க்கிறவள். வழியெல்லாம் அவளிடம் என்ன வாதாடுவது என்று யோசித்துக்கொண்டே போனேன். மழைத் தண்ணீர் என்று சொன்னதும் அவள், "சூப்பர் ஆன்ட்டி!" என்று சொல்லி, பூசணிக்காயை நகர்த்திவிட்டு நடுவில் வைத்தாள். "அழகா இருக்குல்ல? ஏதாவது பூ சுத்தலாமா ஆன்ட்டி?" என்று அவளே சாமந்தி எடுத்துவந்து சுற்றினாள். ஒரு நிமிஷம் ஆகவில்லை. நான் செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான். போதகர் வந்தார், பார்த்தார், சிரித்தார், போய்விட்டார்.

உன் மகள் வந்திருந்தாள். ஆராதனை முடிந்ததும் குடத்தின் முன்னால் போய் நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

"இது யாரு டீச்சர் வெச்சது?"

"நான்." மூச்சை இழுத்துக்கொண்டேன். "அன்னைக்கு உங்க அம்மா கொண்டுவந்தத வெளிய வச்சதும் நான்தாம்மா. கை கழுவச் சொன்னதும் நான்தான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். உன் கண் அவளுக்கு.

"சாவுல கேட்டேனே டீச்சர். தெரியாதுன்னீங்களே."

"பொய் சொன்னேன்."

"அம்மா உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பா சொன்னதில்ல. டீச்சருக்கு மொதல்ல குடு, டீச்சருக்கு மொதல்ல குடுன்னு என்னத்தான் சொம்ப எட்த்துகினு ஓட வெக்கும். எனக்கு வயிறு எரியுது டீச்சர். நான் கெளம்பறேன்."

சாப்பிடாமல் போய்விட்டாள். நான் கூப்பிடவில்லை. எந்த வாயால் கூப்பிடுவது? சின்னப் பெண் குடத்துத் தண்ணீரைப் பேப்பர் கப்புகளில் ஊற்றி எல்லாருக்கும் கொடுத்தாள். இனிக்கிறது என்று சொல்லிக் குடித்தார்கள். கால் குடம் மிஞ்சியதை என்னிடம் கொடுத்தாள்.

திரும்புகிறபோது ஆட்டோக்காரர் ஏரிக்கரை முனையிலேயே இறக்கிவிட்டார், அங்கிருந்து ரோடு வெட்டிப்போட்டிருக்கிறார்கள். நாலடி நடந்திருப்பேன், சடசடவென்று பிடித்துக்கொண்டது. குடை பையில் இருந்தது. ஒரு கையால் குடத்தை இடுப்பில் அணைத்திருந்தேன், இன்னொரு கையால் சேற்றில் புடவையைத் தூக்கியிருந்தேன். ஒதுங்க இடமில்லை. தலையில், முகத்தில், முதுகில் எல்லாம் கொட்டியது. உன் மகள் சாப்பிடாமல் போயிருக்கிறாள், நான் நனைந்துகொண்டு நிற்கிறேன், அப்போது உன் குரல் எனக்குக் கேட்டது. "அவன் அதுக்கு இன்னா பண்ணான்?"

இத்தனை வருஷமாக அந்தக் 'கெட்டவன்' யாரோ ஒரு வெளியாள் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவன் மேல் மழை பெய்வதை நானும் கடவுளும் ஒரே பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பதாக எனக்கு ஒரு நினைப்பு. நேற்று அந்த ரோட்டில் இருந்தது நான் ஒருத்திதான். என் மேல்தான் பெய்தது. கொஞ்சமும் குறைக்காமல், ஏரி மேல் பெய்கிற அதே அளவுக்குப் பெய்தது. நடுரோட்டில் நின்று அழுதேன். ஸ்கூட்டரில் போனவர், "ஓரமா நில்லுங்க ஆயா, நனையிறீங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஓரமாகப் போகவில்லை. "தாங்க்ஸ்ப்பா" என்று சொன்னேன். உன் வார்த்தைதான். எனக்கென்று வேறு வார்த்தை வரவில்லை.

வெட்கம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. அப்படியே இருக்கிறது, இடுப்பில் குடம் அழுத்தின இடம் இன்னும் வலிக்கிறதே, அது மாதிரி. மிஞ்சின தண்ணீரில்தான் இன்று பருப்பு வைத்தேன். இவர் அடுப்படி வாசலில் வந்து நின்று, "சாப்பாடு உண்டா, எழுத்து வேலைதானா?" என்கிறார். அவருக்குப் போட்டுவிட்டு, ஒரு தூக்குவாளியில் பருப்பை எடுத்துக்கொண்டு வெள்ளானூர் பஸ்ஸைப் பிடிக்கப்போகிறேன். உன் மகள் கதவைத் திறப்பாளா, தெரியாது. திறக்காவிட்டால் வாசற்படியில் வைத்துவிட்டு வருவேன். அடுத்த மழைக்கு மறுபடியும் போவேன். நீ எத்தனை வருஷம் சுவர் மேல் வைத்தாய்!

இப்போதுதான் எழுந்து போய் மூடியைத் திறந்து, இரண்டு பருப்பை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தேன். நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, அதற்கு ஒரு தடவையாவது உண்மையாகப் பதில் சொல்லிவிடுகிறேன்.

வெந்துச்சு, அக்கா. பூ மாதிரி வெந்துச்சு.